முதுகுவலியை ஏழாண்டு ஒளித்துவைப்பது எப்படி?

வயது இருபத்தைந்து. விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்புவலி எழுப்பிவிடுகிறது. எழுந்து அரைமணி நேரம் குனிய முடிவதில்லை. நடக்க நடக்கச் சரியாகிறது. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாதமாக இருக்கலாம். அதை டாக்டர் கண்ணில் படாமல் காப்பாற்ற எங்கள் திருவண்ணாமலையைப் போல வசதியான ஊர் கிடையாது. உலகத்தில் இதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக ஏழு வருஷம் ஆகிறதாம். நீங்கள் பத்துக்கு முயலுங்கள்.

முதலில் பௌர்ணமிக்குக் கிரிவலம். 14 கிலோமீட்டர் முடிவதற்குள் வலி போய்விடும். வழியில் இடுக்குப் பிள்ளையார் சந்நிதியில் ஒருக்களித்து ஊர்ந்து வந்தால் உடம்பு இன்னும் இளகும். படுத்தால் கூடி நடந்தால் குறைவதே இந்த நோயின் அடையாளம் என்று யாராவது சொன்னால், சாமி காரியத்தில் தலையிடாதே என்று அடக்கிவிடுங்கள். (பிள்ளையார் மேல் குற்றமில்லை. அவர் ஸ்கேன் பார்ப்பதாகச் சொன்னதே இல்லை.)

அடுத்து, சீக்கிரமாக ஒரு எக்ஸ்ரே. மூட்டு அரித்தது அதில் தெரிய வருஷக்கணக்காகும். 'நார்மல்' என்று வரும். எக்ஸ்ரேயில் தெரிந்தால்தான் நோய் என்ற 1984 நியூயார்க் விதியோடு நின்றுவிட்ட டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். 2009இல் எம்ஆர்ஐயையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவே வேண்டாம்.

எம்ஆர்ஐ எடுத்தே தீர வேண்டுமா? 'லம்பார் ஸ்பைன்' மட்டும் எழுதி வாங்குங்கள். முதுகின் அடியில் திருவெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில்தான் பெரும்பாலும் ஆரம்பம். அது அந்தப் படத்தில் முழுதாக விழாது. கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கும் ஸ்டிர் படமும் வேண்டாம்; எலும்பு மஜ்ஜையில் கோத்த நீர் அதில் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் அங்கே கொஞ்சம் வெள்ளை தெரிவதுண்டு. அதைச் சாக்காக எல்லோருக்கும் சொல்லலாம். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' வந்துவிட்டால் ஜெயித்தாயிற்று. வலியே இல்லாதவர்களில் பலருக்கும் அது உண்டு என்று யாரும் சொல்லப்போவதில்லை.

அதையும் மீறி முதுகு முழுவதையும் ஸ்டிர் படமாக எடுத்துவிட்டால், பிலிமைப் பார்ப்பவர் நடுத் துண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓரத் துண்டுகளுக்குப் போனால், விலா எலும்பு முதுகெலும்பில் பொருந்தும் இடம் வெளுத்திருப்பதைப் பார்த்துவிடுவார். முள்ளெலும்பின் உடல் கறுப்பாக இருக்க, முன்பக்க மூலை மட்டும் பளிச்சிட்டால் 'தேய்மானம்' என்று எழுதச் சொல்லுங்கள். டிஸ்க்கும் அதன் மேல்கீழ் எலும்புகளும் சேர்ந்து வெளுத்திருந்தால், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமலே டிபி என்று முடிவுகட்டலாம். நம் பக்கம் அதுவும் நிஜமாகவே வருவதால் சந்தேகம் வராது.

நடுவில் ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் 'மெட்ராஸ் ஐ' என்று மருந்துக்கடையிலேயே சொட்டுமருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கண் டாக்டரிடம் போய்விடாதீர்கள். அவர் முதல் கேள்வியாக முதுகைப் பற்றிக் கேட்டாலும் கேட்பார்.