தாதா உயிரோடு இருக்கிறார்

நவம்பர் பிறந்தால் பென்ஷன் கொடுக்கிறவர்களுக்கு என் மேல் ஒரு சந்தேகம் வந்துவிடும். ஆசாமி இருக்கிறானா, போய்ச் சேர்ந்துவிட்டானா? அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கும் பொறுப்பும் ஆசாமியுடையதுதான். 2014-இல் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணுச் சான்று வந்தபோது, இனி வங்கிக்கு அலைய வேண்டாம், வீட்டிலிருந்தபடியே உயிரோடு இருக்கலாம் என்றார்கள். எங்கள் வயதில் வீட்டிலிருந்தபடி உயிரோடு இருப்பதில்தானே சிரமம்! ஆகவே வங்கிக்கே போகிறோம். பழைய சிநேகிதர்களைப் பார்க்கலாம். யார் வரவில்லை என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

நான் போகும் கிளை தெற்குக் கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம். (2001-இல் கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். என் வாய் மாறவில்லை.) கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வரச் சொல்லி மனைவி கொடுத்த பையோடு 2025 நவம்பரில் போய் உட்கார்ந்தேன். டோக்கன் எண்ணோடு பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் கடைநிலை ஊழியர். திடீரென்று பழைய கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் காதில் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெயருக்கு உரியவரும் திரும்பவில்லை, காது மந்தம். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார். ஒருவர் மெல்ல எழுந்தார். இரண்டு முழங்காலும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. எல்லா வலதுபுற விங் ஆட்டக்காரர்களையும் போல அவரும் இடது காலை முதலில் ஊன்றி எழுந்ததாக எனக்குத் தோன்றியது. அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்காதீர்கள். ரசிகனுக்கு அப்படித்தான் தெரியும்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை; இந்த ஊர் வழக்கப்படி 'தாதா' (அண்ணன்) என்றே சொல்கிறேன். சொல்ல முயன்றால் என்ன நடக்கும் என்பது எனக்கு அனுபவம்.

எழுபதுகளின் நடுவில் வங்கி வேலை கிடைத்து நான் இந்த ஊருக்கு வந்தேன். ஜாதவ்பூர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் அறை காலி என்றார்கள். வீட்டுக்காரர் பிரிவினையின்போது பாரிசாலிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். என்ன ஜாதி, என்ன சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. முன்பணத்தைக் கையில் வாங்குவதற்கு முன் கேட்ட ஒரே கேள்வி, "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" இந்த ஊரின் பரம எதிரிகளான அந்தக் கால்பந்து கிளப்புகள் இரண்டில் எதைச் சொன்னால் அறை கிடைக்கும் என்பது சுவரில் மாட்டியிருந்த சிவப்பு-தங்க நிறக் கொடியைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த நிமிடமே நான் ஈஸ்ட் பெங்கால் ரசிகனானேன். மதம் மாறியவர்களில் இதைவிட அற்பக் காரணத்துக்காக மாறியவர்கள் உண்டு.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பது இந்த ஊர்ப் பொருளாதாரத்தின் அரிச்சுவடி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்கு இலிஷ், மேற்கிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இறால். யார் ஜெயித்தாலும் எனக்குத் தயிர்தான். 1970 முதல் 1975 வரை ஆறு வருடம் தொடர்ந்து கல்கத்தா லீக் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கே போயிற்று. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5–0 என்று வேறு அடித்துவிட்டார்கள். அன்று வீட்டுக்காரர் வானொலிப் பெட்டிக்கு மாலை போட்டார். அடுத்த சந்தில் மோகன் பகான்காரர்கள் வீடுகளில் விளக்கே எரியவில்லை.

லீக் ஆட்டங்கள் மழைக்காலத்தில் நடக்கும். மைதானத்தில் புல்லைவிடச் சேறு அதிகம். டிக்கெட் கிடைக்காதவர்கள் வில்லியம் கோட்டைப் பக்கத்து மேட்டில் ஏறி நிற்பார்கள். அங்கே அட்டையில் இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த பெரிஸ்கோப் விற்பார்கள். முன்னால் நிற்பவன் தலைக்கு மேலே அதை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் தாதாவைப் பார்த்தது அதில்தான். உள்ளங்கை அகலக் கண்ணாடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சேற்று உருவம். பந்து தெரியவில்லை. ஆனால் அவர் தொட்டதும் மேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

அதற்கு ஓரிரு வருடம் கழித்து ஒரு ராத்திரி, வீட்டு வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. கிளப் ஆட்கள் நான்கு பேர், நடுவில் போர்வை போர்த்திய ஒருவர். ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பருவம் அது. சூட்டர்கின் தெருவில் உள்ள ஐ.எஃப்.ஏ. அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்வரை எந்த ஆட்டக்காரனும் யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே அவனைத் தூக்கி வந்து எங்காவது ஒளித்துவைப்பார்கள். இல்லையென்றால் அடுத்த கட்சிக்காரன் தூக்கிவிடுவான். தமிழ் வாசகர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை: கூவத்தூர். என்ன, இங்கே ஒளித்துவைக்கப்படுகிறவருக்கு உண்மையிலேயே ஏதோ திறமை இருக்கும்.

தெருவைப் பார்த்து ஜன்னல் இல்லாத ஒரே அறை என்னுடையது. வீட்டுக்காரர் என் அனுமதியைக் கேட்கவில்லை, வாழ்த்துச் சொன்னார். தாதா என் கட்டிலில் படுத்தார். நான் தரையில். வாசலில் இருவர், மாடிப்படியில் இருவர் காவல். குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்பார். வீட்டு அம்மாள் வேளைக்கு வேளை கடுகு அரைத்துவிட்ட இலிஷ் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் சாப்பிடுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்து மகிழ்வார். தாதா மீனைக் கிளறிவிட்டு, நான் ஸ்டவ்வில் வைத்த மிளகு ரசத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். இதை நான் ஊரெல்லாம் சொல்லி, பிற்பாடு கல்யாணம் பேசும்போது மாமனாரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

வங்கிக்கு வருவோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பணிவான பெண். "மேஷோமஷாய், கட்டை விரலை இதிலே வைங்க" என்று சின்னக் கறுப்புப் பெட்டியை நீட்டினாள். வைத்தார். சிவப்பு விளக்கு. விரலைத் துடைத்து மறுபடி. சிவப்பு. வேறு விரல். சிவப்பு. அவளே அவர் கையைப் பிடித்து ஈரப் பஞ்சால் ஒற்றி, கைக்குட்டையால் உலர்த்தி, விரல் நுனியை அழுத்திப் பார்த்தாள். வயதானால் ரேகை தேய்ந்துவிடுகிறது. இயந்திரம் அதை விரலாகவே மதிப்பதில்லை. வரிசையில் முணுமுணுப்பு. "சீக்கிரம் ஆகட்டும், எங்களுக்கும் உயிர் இருக்கு" என்றார் ஒருவர்.

தாதா பொறுமையாகக் கேட்டார்: "கால் கட்டை விரல் வைக்கட்டுமா? அது நிச்சயம் பதிவாகியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கிழவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்ற சிரிப்பு அது. என் ஒருவனுக்குத்தான் அந்தக் கால் யாருடையது என்று தெரியும். எனக்குக் கோபம் வந்தது. நாலு பேர் காவல் வைத்த மனுஷன். இன்று அவர் இருக்கிறார் என்பதற்கே அத்தாட்சி கேட்கிறார்கள். அந்தப் பெண் தன் செல்போனை எடுத்து, முகத்தைக் காட்டிச் சான்று பெறும் செயலியைத் திறந்தாள். "கண்ணைச் சிமிட்டுங்க. இன்னொரு தடவை. ஆங்." பச்சை. தாதா உயிரோடு இருக்கிறார்.

வெளியே டீக்கடை பெஞ்சில் அவரைப் பிடித்தேன். அறை, ஜன்னல், தரை, கட்டில் என்று ஒவ்வொன்றாக நினைவூட்டினேன். "ஓ, மதராசி பாபு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கொசுவலையிலே ஒரு ஓட்டை இருந்தது. இடது பக்கம், கால்மாட்டிலே." அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, ஓட்டையை மறக்கவில்லை. விங் ஆட்டக்காரர் அல்லவா!

நான் புலம்ப ஆரம்பித்தேன். அந்தக் காலம் என்ன, இந்தக் காலம் என்ன! 1977-இல் பெலே காஸ்மாஸ் அணியோடு வந்தபோது ஈடன் கார்டன் சேற்றில் மோகன் பகான் 2–2 என்று சமன் செய்ததே, அது ஆட்டம். இப்போது மோகன் பகானுக்குப் பின்னால் 'சூப்பர் ஜயண்ட்' என்று ஒட்டுப் பெயர், ஈஸ்ட் பெங்காலுக்கு முன்னால் 'இமாமி'. தாதா குறுக்கிட்டார். "அதுக்கு முன்னாலே 'மெக்டவல் மோகன் பகான்', 'கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்' இருந்ததே, மறந்துட்டீங்களா? ரெண்டுக்கும் ஒரே சாராய முதலாளி. 1998-இலே. ரசிகன் மண்டையை உடைச்சுக்கிட்டான். லாபம் ஒரே பாக்கெட்டுக்குப் போச்சு."

"ஆனாலும் உங்க காலத்திலே..."

"எங்க காலத்திலே சேத்திலே உருண்டோம். நான் இப்போ ராத்திரி கண் முழிச்சுப் பேரனோட இங்கிலீஷ் லீக் பார்க்கிறேன். அந்த வேகத்திலே என்னை விட்டிருந்தா பத்தாவது நிமிஷம் மூச்சு நின்னிருக்கும்." பேரன் ஒருநாள், தாத்தா போட்ட கோலைக் காட்டு என்றானாம். ஒன்றுக்கும் படம் கிடையாது. நறுக்கி வைத்த பத்திரிகைத் துண்டைக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு கரும்புள்ளி இருந்தது. பந்தா, மை சிந்தியதா என்று பேரனுக்குச் சந்தேகம்.

பணம் பற்றிக் கேட்டேன். அதிலும் அவர் எனக்கு ஒத்துவரவில்லை. "ஆட்டக்காரன்னு வங்கியிலே வேலை கொடுத்தாங்க. காலையிலே கையெழுத்து, அப்புறம் மைதானம். லெட்ஜரைத் தொட்டது முட்டி போன பிறகுதான். இன்னிக்குப் பென்ஷன் வருது, டி.ஏ. வருது. இப்போ இருக்கிற பையனுக்குக் கோடி கொடுக்கிறான். முப்பது வயசிலே முட்டி போனா டி.ஏ. யார் தருவா? செப்டம்பர்லே ஆரம்பிக்க வேண்டிய ஐ.எஸ்.எல். இன்னும் ஆரம்பிக்கல்லே பாருங்க." டி.ஏ. பற்றிப் பேசும்போதுதான் அவர் கண்ணில் பழைய ஒளி வந்தது. எத்தனை சதவீதம் ஏறும் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் குரல் மாறியது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டனில் இரு கிளப்புகளும் மோதிய ஆட்டத்தில் நடந்த கலவரத்தில், நெரிசலில், 16 ரசிகர்கள் செத்தார்கள். அந்த நாளில் ஒவ்வொரு வருடமும் இங்கே ரத்த தானம் நடக்கிறது. தாதா போய்க் கொடுப்பாராம். வயதாகிவிட்டது என்று இப்போது எடுக்க மறுக்கிறார்கள். "சும்மா போய் உட்கார்ந்துட்டு வர்றேன்" என்றார்.

அடுத்த மாதமே, டிசம்பர் 13 அன்று, மெஸ்ஸி சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்கு, அவரைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகுதான் தெரிந்தது. அவர் சீக்கிரமே கிளம்பிவிட, நாற்காலிகள் பறந்தன. அட்டைப் பெரிஸ்கோப் விற்கிறவர்கள் இப்போது இல்லாதது எவ்வளவு நஷ்டம் என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

டீக்கடைக்குத் திரும்புவோம். டீ இன்னும் முடியவில்லை. ரசத்தை நினைவுபடுத்தாமல் எப்படி விடுவேன்? "அன்னிக்கு வீட்டு அம்மா இலிஷ் வெச்சாங்க. நீங்க என் ரசத்தைத்தான் சாப்பிட்டீங்க."

தாதா யோசித்தார். "அது சாப்பாடா? ஜலதோஷத்துக்கு ஏதோ கஷாயம் கொடுக்கிறீங்கன்னு நினைச்சேன். அந்தக் கடுகு மீனுக்கு அது தேவலைன்னு குடிச்சேன்."

"இலிஷ் பிடிக்காதா? உங்களுக்கா?"

"எங்க வீட்டிலே இறால்தான். அப்பா மோகன் பகான் உறுப்பினர். 1911-லே வெறுங்காலோட ஆடி ஷீல்டை வாங்கினவங்க கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களைத் தூங்க வைப்பார். நான் ஈஸ்ட் பெங்காலுக்காகக் கோல் போட்ட அன்னிக்கு எங்க வீட்டிலே அடுப்பு எரியாது. நான் வெளியே ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் படுப்பேன்."

"அப்போ நீங்க எந்தப் பக்கம்?"

"மோகன் பகான்தான்" என்றார், காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில். "எப்பவுமே."

டீக்கடைக்காரர் கெட்டிலை டக்கென்று வைத்தார். நாற்பது வயது இருக்கலாம். அவர் தலைக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில், சிவப்பு-தங்கக் கொடி. "பெரியவரே, இந்தக் கடையிலே அந்தப் பேரைச் சொல்லாதீங்க. எங்க அப்பா ஈஸ்ட் பெங்காலுக்காகக் கையை உடைச்சுக்கிட்டவர். அந்தக் காலத்து ஆட்டமெல்லாம் உங்களுக்கு எங்கே தெரியும்! வலது விங்கிலே ஒருத்தர் ஆடுவாராம்..." என்று அந்தப் பெயரையே சொன்னார். பாதி மைதானத்திலிருந்து அவர் அடித்த கோல் ஒன்றை, நேரில் பார்த்ததுபோல் கையை வீசி விவரித்தார்.

"பாதி மைதானமா? அவ்வளவு தூரத்திலிருந்தா?" என்று தாதா ஆர்வமாகக் கேட்டார்.

"பின்னே! உங்க மோகன் பகானிலே அப்படி ஒருத்தனைக் காட்டுங்க பார்க்கலாம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, இவர் யாருன்னு தெரியுமா?" என்று வாயைத் திறந்தேன். பெஞ்சுக்கு அடியில் தாதா என் காலை மிதித்தார். எழுபதைத் தாண்டிய கால்தான். சனிக்கிழமை வரை வீக்கம் வடியவில்லை.