வாடகைக் காரின் ஏழு திணை: கெப்லாவிக் விமான நிலையத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஐஸ்லாந்தைப் பற்றி நிலவியலார் எழுதியிருக்கிறார்கள், பறவையியலார் எழுதியிருக்கிறார்கள், மீன்வளத் துறையினரும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் அந்நாட்டைப் பற்றிய மிகச் சுருக்கமான, மிகத் திட்பமான நூல் எந்த நூலகத்திலும் கிடைக்காது. கெப்லாவிக் விமான நிலையத்தின் வாடகைக் கார் கவுண்டரில், பொடி எழுத்தில் அச்சிட்டு, தூக்கம் கெட்டு வந்து நிற்கும் பயணியின் முன் நீட்டப்படும் காப்பீட்டுப் படிவமே அந்நூல். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது உலக மரபு. படித்துவிட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாறு. அது இல்லாவிட்டால் ஆராய்ச்சி என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் 1916-இல் ஜோ சாண்டர்ஸ் என்பவர் தம் ஃபோர்டு காரை மைலுக்கு இத்தனை காசு என்று வாடகைக்கு விட்டார். 1918-இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் ஒரு டஜன் கார்களோடு இதையே தொழிலாக்கினார். 1946-இல் வாரன் ஏவிஸ் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி, டெட்ராய்ட் அருகே வில்லோ ரன் விமான நிலையத்திலேயே கடை போட்டார். வில்லோ ரன் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானம் செய்த இடம். கெப்லாவிக் ஓடுதளமும் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம் போட்டதுதான். விமான நிலைய வாடகைக் கார் என்பது போரின் வழித்தோன்றல் என்று இதிலிருந்து நிறுவலாம். கவுண்டரில் நடக்கும் பேச்சுவார்த்தையைப் பார்த்தவர்கள் இதற்குத் தனிச் சான்று கேட்க மாட்டார்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். பிற நாடுகளின் காப்பீட்டுப் படிவங்களில் மோதல், திருட்டு, மூன்றாம் நபர் என்று மனிதர் மனிதருக்குச் செய்யும் கேடுகளே பேசப்படும். ஐஸ்லாந்துப் படிவத்தில் சரளை வரும், மணலும் எரிமலைச் சாம்பலும் வரும், காற்றும் ஆற்றுநீரும் வரும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த நம் இலக்கணத்தார் காதலுக்குச் செய்ததை, முகம் தெரியாத ஒரு வக்கீல் காப்பீட்டுக்குச் செய்திருக்கிறார். அவர் தொல்காப்பியம் படித்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் கணக்குப் பார்த்தால் ஐந்திணை, கைக்கிளை, பெருந்திணை என ஏழும் அப்படியே வருகின்றன. சில பொருத்தங்கள் வலிந்து கொண்டவை என்பாரும் உளர். அவர்கள் கார் எடுத்து ஓட்டிப் பார்க்காதவர்கள்.

முதலாவது மோதல். எல்லா வாடகையிலும் அடிப்படையாகச் சேர்ந்தே வரும் காப்பு இது. உரிப்பொருள் புணர்தல், நிலமோ ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலம். நாட்டைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை, சுமார் 1,320 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வட்டச்சாலை, பல ஆறுகளை இத்தகைய ஒற்றைவழிப் பாலங்களால்தான் கடக்கிறது. பாலத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர் முதலில் போக வேண்டும், மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கு. இருவரும் தாமே முதலில் வந்ததாக நினைக்கும்போது இத்திணை நிகழ்கிறது.

இரண்டாவது சரளை, உரிப்பொருள் ஊடல். எதிரே வரும் வண்டி கல்லைத் தெறிக்கவிட்டு, திரும்பியும் பாராமல் போகிறது. நம் கண்ணாடியில் சிறு நட்சத்திரம் விழுகிறது. அற்றேல், வட்டச்சாலை முழுவதும் இப்போது தார்ச்சாலையாயிற்றே, சரளை எங்கிருந்து வந்தது எனின், வட்டச்சாலையிலேயே இருந்துவிட்டு வருபவர் யாருமில்லை என்க. கிழக்கில் தூரத்தை மிச்சப்படுத்தும் ஓக்ஸி கணவாய் சரளைதான். மேற்கு ஃபியோர்டுகளில் சரளைக்குப் பஞ்சமே இல்லை. தார்ச்சாலையில் 90, சரளையில் 80 கிலோமீட்டர் என்பது சட்டம் சொல்லும் உச்ச வேகம். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் அதே 90-இல் போகிறவர்கள் சில நொடிகளில் முதல் திணைக்கு மாறிவிடுவதுண்டு. இலக்கணத்தார் இதைத் திணைமயக்கம் என்பர்.

மூன்றாவது ஆடு. இதற்கெனத் தனிக்காப்பு இல்லை, மோதலுக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள். இது நூலாசிரியரின் குறை. கோடையில் ஆடுகளை மலைவெளியில் அவிழ்த்துவிட்டு, செப்டம்பரில்தான் ஊர்கூடி வளைத்துப் பிடித்து வருகிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் அவை சாலையைத் தம் முற்றமாகக் கருதுகின்றன. முல்லைக்கு உரிய இருத்தலை இவ்வளவு நிதானமாகச் செய்துகாட்டும் உயிர் வேறில்லை. தாய் ஒருபுறமும் குட்டி மறுபுறமும் நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கார் நெருங்கும் அந்த நொடியில்தான் குட்டிக்குத் தாயின் நினைவு வரும்.

நான்காவதில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. மணலும் சாம்பலும் சேர்ந்த இந்தக் காப்பு ஐஸ்லாந்தின் தனிச்சொத்து. தெற்குக் கரையில் வீக் ஊரைத் தாண்டியதும் மிர்தால் மணல்வெளி, அதற்கும் கிழக்கே ஸ்கெய்தரா மணல்வெளி. கறுத்த, மரமற்ற, காற்றை மறிக்க ஒன்றுமில்லாத சமவெளிகள். பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடிக்கும். உருகிய நீர் தேங்கித் தேங்கி ஒருநாள் உடைத்துக்கொண்டு வரும். வரும்போது கொண்டுவந்து கொட்டியதுதான் இவ்வளவு மணலும். 1996 செப்டம்பர் இறுதியில் வாட்னா பனிப்பரப்பின் கீழே வெடித்தது. நவம்பர் தொடக்கத்தில் வெள்ளம் உச்சத்தில் நொடிக்குச் சுமார் 50,000 கன மீட்டர் அளவில் பாய்ந்தது. வட்டச்சாலையின் ஒரு பாலம் முழுவதும் போயிற்று, ஸ்கெய்தரா ஆற்றின் நீண்ட பாலத்தில் ஒரு பகுதி போயிற்று. முறுக்கிப் பிழிந்த இரும்பு உத்தரங்களைச் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். இந்த மணல்வெளிக்குப் பயந்துதான் 1974 வரை வட்டச்சாலையே வட்டமாகவில்லை. அதற்கு முன்பு தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து தென்கிழக்கு மூலையிலுள்ள ஹோப்ன் ஊருக்குக் காரில் போக வேண்டுமானால் வடக்கே ஏறி நாட்டையே சுற்றித்தான் போக வேண்டும். 1974-இல் பாலம் கட்டித் திறந்தார்கள். பின்னாளில் பனிப்பாறை பின்வாங்கியதில் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டு வேறு வாய்க்கால் வழியே போய்விட்டது. இப்போது அந்தப் பாலத்தில் வண்டி போவதில்லை, அடியில் ஆறும் போவதில்லை.

இந்த மணல் புயற்காற்றில் எழும்போது காரின் பெயின்ட்டை உரித்து, கண்ணாடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். சாம்பலும் அப்படியே. 2010-இல் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய விமானங்களை நாட்கணக்கில் தரையிலேயே உட்காரவைத்தது. (பெயரை ஒருமுறை எழுதியதோடு இவ்வாய்வாளரின் கடமை முடிந்தது, வாசகர் உச்சரிக்க வேண்டியதில்லை.) விமானத்தையே நிறுத்திய பொருள் வாடகைக் காரை என்ன செய்யும் என்று கணக்குப் போடக் கம்பெனிகளுக்கு வெகுநேரம் ஆகியிருக்காது. உரிப்பொருள் இரங்கல். நெய்தலுக்குரிய அதே கடற்கரைதான், மணல் மட்டும் கறுப்பு.

ஐந்தாவது காற்று, உரிப்பொருள் பிரிதல். காரை நிறுத்திவிட்டு இறங்கக் கதவைத் திறக்கிறோம். காற்று அதைக் கையிலிருந்து பறித்து முன்பக்கமாக மடக்குகிறது. கீல் வளைகிறது, சில வேளை கதவு கீலைவிட்டே பிரிகிறது. தலைவன் பொருள் தேடிப் பிரிவதைப் பொருள்வயிற் பிரிவு என்பது இலக்கணம். இங்கே கதவு பிரிந்தபின் பொருளும் பிரிகிறது. பெரும்பாலான காப்புகள் காற்றில் கெட்ட கதவை ஏற்பதில்லை, அதை ஓட்டுநரின் கவனக்குறைவாகவே எழுதிக்கொள்கின்றன. காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டி வண்டியை நிறுத்தவேண்டும். கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கவேண்டும். ஒருவர் இறங்கி மூடியபிறகே அடுத்தவர் திறக்கவேண்டும். இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். மாமனார்களுக்குத்தான் கடினம்.

ஐந்திணைக்கு வெளியே நிற்பது கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். எண்ணுக்கு முன்னால் எஃப் என்ற எழுத்தைத் தாங்கிய மலைநாட்டுச் சாலைகள் கோடையில் மட்டுமே திறந்திருக்கும். நாற்சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே அனுமதி. அவற்றில் பல இடங்களில் பாலம் கிடையாது, ஆற்றில் இறங்கித்தான் ஏற வேண்டும். பயணி ஆற்றைக் காதலிக்கிறார், புகைப்படமும் எடுக்கச் சொல்கிறார். காப்பீடோ ஆற்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. உள்ளதிலேயே விலை கூடிய முழுக்காப்பை வாங்கியிருந்தாலும் தண்ணீரால் வந்த சேதம் பொதுவாக நம் தலையில்தான். எஞ்சின் நீரைக் குடித்துவிட்டால் ஒரு காரின் விலையைக் கொடுக்கவேண்டி வரலாம்.

பெருந்திணை, பொருந்தாக் காமம்: திருட்டுக்காப்பு. பல கம்பெனிகள் இதை இலவசமாகவே சேர்த்துத் தருகின்றன. காரணத்தை ஆராய்ந்தால் புரியும். தீவில் களவாடிய காரை வெளியே கொண்டுபோக வேண்டுமானால், கிழக்கே செய்திஸ்ஃபியோர்தூர் துறைமுகத்துக்கு ஓட்டிச்சென்று, டென்மார்க் போகும் கப்பலுக்குச் சீட்டெடுத்துக் காத்திருக்க வேண்டும். தப்பி ஓடலாம் என்றாலோ இருப்பது வட்டச்சாலை. வேகமாகப் போகப்போகத் திருடன் புறப்பட்ட இடத்துக்கே சீக்கிரமாக வந்து சேர்வான். இலவசமாகக் கொடுக்கப்படும் காப்பு எதுவோ, அந்தக் கேடு அந்நாட்டில் இல்லை என்று கொள்க.

இனிக் கீறல். வண்டியைக் கையில் கொடுக்கும்போது, நான்கு பக்கமும் வரைந்த கார்ப்படத்தில் ஏற்கெனவே உள்ள கீறல்களை வட்டமிட்டுத் தருவார்கள். இது மூலபாடம். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது காரின் உடம்பில் இருப்பது இரண்டாம் பாடம். இரண்டுக்கும் இடையே உள்ள பாடபேதங்களுக்குத்தான் கிரெடிட் கார்டில் முன்பே ஒரு தொகையை முடக்கிவைத்திருக்கிறார்கள். ஆகவே உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைப் பார்த்த பொறுமையோடு காரைச் சுற்றிவரவேண்டும். பம்பரின் அடிப்பகுதி, சக்கரத்தின் விளிம்பு, கண்ணாடியின் ஓரம், கூரை எல்லாவற்றையும் நாள், நேரம் பதியும்படி வீடியோ எடுக்கவேண்டும். மழை பெய்கிறது, இருட்டாக இருக்கிறது என்பது விதிவிலக்காகாது. ஐஸ்லாந்தில் குளிர்காலத்தில் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும். ஈரமான காரில் கீறல் தெரியாது என்பதை இருதரப்பும் அறியும், ஒருதரப்புதான் அவசரப்படுத்தும். இது பற்றி எந்தக் கம்பெனியையும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் பதிப்பாசிரியர்கள், நாம் அச்சுப்பிழை.

உச்சிப் பகலானாலும், ஜூன் மாதத்தின் இருளாத இரவானாலும், முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். சாலையைவிட்டு இறங்கி வெறும் நிலத்தில் ஓட்டுவது குற்றம், பாசியில் பதிந்த சக்கரத் தடம் ஆண்டுக்கணக்கில் ஆறாது. இவை இரண்டுக்கும் எந்தக் காப்பும் கிடையாது, அபராதம் மட்டும் உண்டு.

சரி, எதை வாங்குவது? சரளைக்காப்பை வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். மணல்-சாம்பல் காப்பைத் தெற்குக் கரைக்குப் போவதானால், அதிலும் காற்று மிகுந்த பருவமானால், வாங்குங்கள். ரெய்க்யவிக்கைச் சுற்றியே வரப்போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் ஒருவேளை சாப்பிடலாம், அங்கே சாப்பாடும் அந்த விலைதான். ஆற்றுக்குக் காப்புத் தேடாதீர்கள், ஆற்றில் இறங்காதீர்கள். கடைசியாக ஒன்று: வடக்கே அக்யுரேரி நகரத்துக்கு அருகில் 2018 இறுதியில் திறந்த வாட்லாஹெய்தி சுரங்கப்பாதை சுமார் ஏழரை கிலோமீட்டர் நீளம். அங்கே சுங்கச்சாவடியும் இல்லை, கை நீட்டுபவரும் இல்லை. கட்டணத்தை நாமாகவே இணையத்தில் கட்டவேண்டும். கட்டாவிட்டால் பில் வண்டிக் கம்பெனிக்குப் போகும், கம்பெனி தன் கூலியையும் சேர்த்து உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.