சிரிப்புக்குப் பத்து வருஷம்!

கே: புதினுக்கு நாலைந்து 'டூப்' இருக்கிறார்களாமே, நிஜமா? (கும்பகோணம்)

ப: அவரிடமே கேட்டுவிட்டார்கள். 2023 டிசம்பரில் புதினின் வருடாந்தர நேரலைக் கேள்வி-பதில் நிகழ்ச்சி. திடீரென்று திரையில் இன்னொரு புதின்! பீட்டர்ஸ்பர்க் மாணவர் ஒருவர் செயற்கை நுண்ணறிவு உபயத்தில் அவருடைய முகத்தோடும் குரலோடும் வந்து, "உங்களுக்கு நிறைய டூப் உண்டாமே?" என்று கேட்டார். சற்றே தடுமாறிய புதின், "நீங்கள்தான் என் முதல் டூப்" என்ற பொருளில் பதில் சொன்னார். டூப் வைத்துக்கொள்ளும் யோசனை முன்பு தன்னிடம் வந்ததாகவும், வேண்டாமென்று மறுத்துவிட்டதாகவும் 2020-ல் ஒரு பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆதாரம் இல்லாத வரை இது வெறும் கிசுகிசுதான்.

கே: நெருப்பில்லாமல் புகையுமா? (சிவகாசி)

ப: கதவைச் சாத்தி வைத்தால் புகையும். 2015 மார்ச்சில் சுமார் பத்து நாள் புதின் வெளியே தலைகாட்டவில்லை. கஜகஸ்தான் பயணம் தள்ளிப்போனது. உடனே கிளம்பிவிட்டது: செத்துப்போனார், ஆட்சிக் கவிழ்ப்பு, ரகசியமாகக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஆளுக்கொரு கதை. அவருடைய செய்தித் தொடர்பாளர் பெஸ்கோவ், புதின் கை குலுக்கினால் நம் கை நொறுங்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாக இல்லை. 16-ஆம் தேதி பீட்டர்ஸ்பர்க்கில் கிர்கிஸ்தான் அதிபரோடு புதின் வந்து உட்கார்ந்தார். வதந்தி இல்லாவிட்டால் போரடிக்கும் என்றார். எங்கே போயிருந்தீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் அன்று பதில் இல்லை. தலைவரின் உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு உரிமை உண்டு. அதை மறைக்கிற அரசுக்கு வதந்தி பரவுகிறதே என்று புலம்ப உரிமை கிடையாது.

கே: கிசுகிசு, ஜோக், என்ன வித்தியாசம்? (பாளையங்கோட்டை)

ப: யாருக்கும் தெரியாத சங்கதியைப் பற்றிப் பேசினால் கிசுகிசு. எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாத சங்கதியைப் பேசினால் ஜோக். ரஷ்யாவில் இரண்டுக்கும் பஞ்சமே இருந்ததில்லை. நான் மதிப்பது இரண்டாவதைத்தான்.

கே: உதாரணம் ப்ளீஸ்! (வேலூர்)

ப: "நேற்று ராத்திரி மாஸ்கோவில் நிலநடுக்கமா?" "இல்லை, பிரெஷ்னேவின் கோட்டு நாற்காலியிலிருந்து கீழே விழுந்துவிட்டது."

இதை ரசிக்க அந்தக் கோட்டைப் பற்றித் தெரிய வேண்டும். 'சோவியத் யூனியனின் வீரர்' என்ற மிக உயர்ந்த விருது சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு நான்கு முறை கிடைத்தது: 1966, 1976, 1978, 1981. நான்கும் டிசம்பரில், அவர் பிறந்த நாளையொட்டி! போர்முனையின் பெரும் தளபதிகளுக்கென்று ஏற்பட்ட 'வெற்றி' விருதையும் 1978-ல் வாங்கிக்கொண்டார். அவர் இறந்தபின், 1989-ல், அதைச் செல்லாது என்று ரத்து செய்தார்கள். பத்திரிகையாளர்கள் எழுதிக்கொடுத்த நினைவுக் குறிப்புகளுக்காக 1980-ல் இலக்கியத்துக்கான லெனின் பரிசும் அவருக்கே. விருது குத்த இடமில்லாமல் மார்பை அகலப்படுத்த ஆபரேஷன் நடந்ததாக இன்னொரு ஜோக். கடைகளில் இறைச்சிக்கு க்யூ, தலைவர் மார்பில் பதக்கங்களின் க்யூ. பார்த்த ஜனங்களுக்குச் சிரிப்பு வந்தது நியாயம்தானே?

கே: பிரெஷ்னேவின் அம்மா ஜோக் என்கிறார்களே, அது என்ன? (காரைக்குடி)

ப: மகன் கிராமத்திலிருந்து தாயை வரவழைத்து, தன் மாளிகை, வெளிநாட்டுக் கார்கள் எல்லாவற்றையும் பெருமையாகக் காட்டுகிறார். அம்மா கவலையோடு கேட்கிறாள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு ராசா. கம்யூனிஸ்ட்டுகள் திரும்பி வந்துட்டா என்ன பண்ணுவே?"

கார் பைத்தியம் கற்பனையல்ல. 1973-ல் அமெரிக்கா போனபோது அதிபர் நிக்சன் ஒரு லிங்கன் காரைப் பரிசாகக் கொடுத்தார். சமத்துவம் பேசிய கட்சியின் தலைமை எங்கே போய் நின்றது என்பதை அந்தத் தாயின் கேள்வி சொன்ன மாதிரி எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

கே: ஸ்டாலினிடம் இப்படியெல்லாம் விளையாட முடிந்ததா? (தூத்துக்குடி)

ப: விளையாடினார்கள், உயிரைப் பணயம் வைத்து. குற்றவியல் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் 'சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம்' என்று ஓர் உட்பிரிவு. ஒரு ஜோக் போதும், அதில் உள்ளே தள்ளிவிடலாம். ஸ்டாலினை வைத்துச் சொன்னதற்காக நிஜமாகவே முகாமுக்குப் போனவர்கள் உண்டு. அதையும் ஜோக்காக்கினார்கள்: நீதிபதி சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார். "அருமையான ஜோக் கேட்டேன்." "சொல்லுங்களேன்!" "ஐயையோ, இப்போதுதான் அதற்குப் பத்து வருஷம் போட்டுவிட்டு வருகிறேன்."

கவிஞர் மண்டல்ஷ்டாம் 1933 நவம்பரில் ஸ்டாலினைக் கேலி செய்து ஒரு சிறு கவிதை கட்டினார். அச்சில் ஏற்றவில்லை, நம்பிக்கையான சிலருக்கு மட்டும் சொல்லிக் காட்டினார். கேட்டவர்களில் ஒருவர் சக கவிஞர் பாஸ்டர்நாக். பதறிப்போய், நீங்கள் எனக்கு எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவும் இல்லை என்றார். ஆனாலும் விஷயம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. 1934 மே மாதம் கைது, நாட்டுக்குள்ளேயே தொலைதூர ஊருக்குக் கடத்தல். 1938-ல் மறுபடி கைது. அந்த டிசம்பரில் விளாதிவஸ்தோக் அருகே கைதிகளை நிறுத்திவைக்கும் முகாமில் உயிர் போனது.

எழுத்தாளர் சோல்ஷெனித்சினை எடுத்துக்கொள்ளுங்கள். போர்முனையில் பீரங்கிப் படை அதிகாரி. நண்பருக்கு எழுதிய கடிதங்களில் ஸ்டாலினை மறைபெயர் வைத்து விமர்சித்தார். 1945 பிப்ரவரியில் கைது, 8 வருஷம். அணுகுண்டு செய்து காட்டிய அரசுக்கு ஒரு கிண்டலைத் தாங்கத் தெம்பில்லை.

கே: என்.சி.பி.எச். கடையில் வாங்கிய சோவியத் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தவன் நான். அவற்றில் இப்படி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே? (ஈரோடு)

ப: மாஸ்கோவில் அரசுப் பதிப்பகங்கள் அச்சிட்டு அனுப்பியவை அவை. தணிக்கையைத் தாண்டாமல் ஒரு வரி வெளியே வராது. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் சொற்ப விலையில் தமிழில் கொண்டுவந்து சேர்த்ததற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். அங்கே நையாண்டிக்கென்றே 1922 முதல் 'குரக்கடீல்' (முதலை) என்ற பத்திரிகை இருந்தது. கடை மேனேஜரை, குடிகாரரை, சோம்பேறி அதிகாரியை அது கிழிகிழியென்று கிழிக்கும். கட்சியின் உச்சியில் இருப்பவரைத் தொடாது. அந்த வேலையைச் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஜனங்களே பார்த்துக்கொண்டார்கள்.

கே: ஆர்மீனிய ரேடியோ என்றால்? (புதுச்சேரி)

ப: நேயர் கேள்விக்குப் பதில் சொல்லும் கற்பனை ரேடியோ. "மாஸ்கோவில் கார்களை இலவசமாகக் கொடுக்கிறார்களாமே?" "கொள்கையளவில் உண்மை. ஆனால் மாஸ்கோவில் அல்ல, லெனின்கிராடில். கார் அல்ல, சைக்கிள். கொடுக்கவில்லை, திருடுகிறார்கள்." அரசுச் செய்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

கே: ஜோக்கை ரசித்த தலைவர் ஒருவருமே இல்லையா? (நாமக்கல்)

ப: கோர்பச்சேவ். 1985-ல் மதுவுக்குக் கடிவாளம் போட்டார். வோட்கா கடைகளில் மைல் நீளத்துக்கு க்யூ. அதில் நின்று வெறுத்துப்போன ஒருவன், "கோர்பச்சேவைத் தீர்த்துக்கட்டிவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். "என்னப்பா, முடிச்சிட்டியா?" "அந்த க்யூ இதைவிட நீளம்!" இதைப் பிற்காலத்தில் கோர்பச்சேவே சொல்லிச் சிரித்தார். அவர் ஆட்சியில் குறைகள் இருந்தன. இந்தப் பெருந்தன்மைக்காக அவருக்கு என் வணக்கம்.

கே: இப்போது அங்கே நிலைமை? (திருப்பூர்)

ப: 1994-ல் என்.டி.வி. சேனலில் 'பொம்மைகள்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. அதிபர் எல்ட்சினிலிருந்து எல்லோரையும் ரப்பர் பொம்மைகளாக்கி வாரினார்கள். 2000-ல் புதினும் பொம்மையாக வந்தார். அடுத்த வருஷமே சேனல், அரசின் பிடியிலுள்ள காஸ்ப்ரோம் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2002-ல் நிகழ்ச்சியும் போனது. அரசை அவமதித்து இணையத்தில் எழுதினால் அபராதம் என்று 2019-ல் சட்டம் வந்தது. 2022 மார்ச்சில், ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 வருஷம் வரை சிறை என்றார்கள். வெறும் வெள்ளைத் தாளை ஏந்தி நின்றவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். எழுதாத தாளில் என்ன இருக்கிறது என்று போலீஸுக்கும் தெரிந்திருந்தது!

கே: ஜோக் சொல்லி எந்த ஆட்சியாவது கவிழ்ந்திருக்கிறதா? (நாகர்கோவில்)

ப: இல்லை. ஸ்டாலினும் பிரெஷ்னேவும் சாகும்வரை பதவியில் இருந்தார்கள். ஆனால் அரசு சொன்ன பொய்யை ஜனங்கள் முழுசாக நம்பிவிடாமல் காத்தவை அந்த ஜோக்குகள்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் பெரியவர்கள் சொன்னது மாஸ்கோவுக்கும் பொருந்தும். மண்டல்ஷ்டாம் மீதான 1934 வழக்கு தவறு என்று சோவியத் அரசே ஒப்புக்கொண்டது 1987-ல். அதற்குள் அவர் இறந்து கிட்டத்தட்ட 49 வருஷம் ஆகிவிட்டது. ஒரு தலைவர் எப்படிப்பட்டவர் என்று அறிய அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அவரைக் கேலி செய்தவர் இன்று எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள்.