வான்கோழி அப்பா

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் என்ற வான்கோழி விருந்து நாளன்று, அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒருவர் அவதாரம் எடுப்பார். மற்ற நாட்களில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்கிறவர்தான். அன்று மட்டும் இடுப்பில் ஏப்ரன், கையில் தெர்மாமீட்டர், முகத்தில் ஆபரேஷன் தியேட்டர் டாக்டரின் கவலை. ஊர் மெச்சுவதற்காக ஆடுகிறார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதர் விவரமானவர். மூன்று வயதுப் பிள்ளை வந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது, ஒருவரும் குறை சொல்ல முடியாதபடி ‘இப்ப முடியாதுடா கண்ணா’ என்று சொல்ல ஆண்டுக்கொரு முறைதான் காரணம் கிடைக்கிறது. அந்தக் காரணத்துக்கு இரண்டு இறக்கை உண்டு.

அந்தப் பறவை உண்மையில் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று பார்ப்போம். உறைந்த 15 பவுண்டு வான்கோழி ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் கிடந்து தானாகவே இளகுகிறது. 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் ஏறக்குறைய 4 மணி நேரம் கிடந்து தானாகவே வேகிறது. மனிதக் கை வேண்டியது வெண்ணெயும் உப்பும் தடவ, உள்ளே வைக்க, வெளியே எடுக்க. நம்மவரோ ஓவன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கால் மணிக்கொரு தரம் கதவைத் திறந்து, வடிந்த கொழுப்பை அள்ளித் தோல்மேல் விடுகிறார். திறக்கத் திறக்க உள்ளே சூடு இறங்கும். சூடு இறங்கினால் வேக இன்னும் நேரமாகும். அதில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இதே நேரத்தில் ஹாலில், மேசிஸ் கடைக்காரர்கள் நடத்தும் தேங்க்ஸ்கிவிங் ஊர்வலத்தின் ராட்சத பலூன்களை டிவியில் பார்த்து முடித்த பிள்ளைகள், உள்ளங்கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, கட்டை விரலைத் தலையாகவும் மற்ற நாலு விரலை இறகாகவும் ஆக்கி வான்கோழி வரைகிறார்கள். ஐந்தாவது வான்கோழி தாளில் இடமில்லாமல் சோபாவுக்குக் குடிபோகிறது. அதைத் துடைப்பது, உருளைக்கிழங்கு மசிப்பது, தூங்க மறுக்கும் சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டே மாமியாருக்குக் கதவைத் திறப்பது எல்லாம் அவர் மனைவி. சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும்: ‘நான் இப்ப நகர முடியாது!’

சரியாக வேகாத கறியில் இருக்கும் சால்மொனெல்லா கிருமி விளையாட்டுச் சமாச்சாரமா என்று அவர் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். இல்லைதான். கறி 165 டிகிரியைத் தொட்டாக வேண்டும். பட்டர்பால் கம்பெனி 1981 முதல் வான்கோழிச் சந்தேகங்களுக்கென்றே தொலைபேசிச் சேவை நடத்துகிறது என்றால் பயம் பொய்யாக இருக்க முடியாது. ஆனால் தொடை, இறக்கை, நெஞ்சு என்று மூன்று இடத்தில் குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மீதி 3 மணி 59 நிமிடத்துக்குக் கணக்கு காட்டட்டும். அடுத்தது மரபு. முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படும், 1621-இல் பிளிமத்தில் நடந்த விருந்தைப் பற்றி அங்கே குடியேறிய எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகள் உண்டு, பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்கள் உண்டு. வான்கோழி என்று பெயர் சொல்லவில்லை. 1827-இல் தன் நாவலில் அதை விருந்து மேசையின் தலைமாட்டில் வைத்தவர் சாரா ஹேல் என்ற பெண்மணி. பிறகு பத்திரிகை ஆசிரியராக இருந்து விடாமல் எழுதி எழுதி, 1863-இல் ஜனாதிபதி லிங்கனைக் கொண்டு தேங்க்ஸ்கிவிங்கைத் தேசிய நாளாக அறிவிக்கவும் வைத்தார். அவர் கூட அப்பாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசி ஆயுதம், ‘எல்லாம் குழந்தைகளுக்காகத்தானே’. குழந்தைகள் அன்று சாப்பிடுவது வெண்ணெய் தடவிய பன், மக்ரோனி சீஸ், மறுபடியும் பன். கிரான்பெரி சாஸ் பன்னைத் தொட்டுவிட்டால் அந்த பன்னும் தள்ளுபடி. 1973-இல் வந்த சார்லி பிரவுன் தேங்க்ஸ்கிவிங் கார்ட்டூனில் பிள்ளைகளுக்குப் பரிமாறப்படுவது டோஸ்ட்டும் பாப்கார்னும். எழுதியவருக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது. உண்மையிலேயே பிள்ளைகளுக்காக என்றால், பெரியதைப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஏற்றி நிறுத்தி, ஸ்டஃபிங்குக்கு ரொட்டியைப் பிய்த்துப் போடச் சொல்லலாம். நாலு வயதுக்கு அதைவிட இன்பமான வேலை கிடையாது. அவர் சொல்லமாட்டார். பிள்ளை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் ஓவனுக்கு என்ன அர்த்தம்?

சாப்பாடு முடிந்து, பாராட்டெல்லாம் வாங்கிக்கொண்டு, பாத்திரம் குவிந்து கிடக்க, அவர் டிவியில் அமெரிக்கக் கால்பந்து பார்க்கச் சாய்கிறார். டெட்ராய்ட் லயன்ஸ் அணி தேங்க்ஸ்கிவிங் அன்று ஆடுவது 1934-இல் தொடங்கிய வழக்கம், தட்ட முடியுமா? பத்து நிமிடத்தில் குறட்டை. எழுப்பினால் வான்கோழியில் டிரிப்டோஃபேன் இருக்கிறது, அதுதான் அசத்துகிறது என்பார். சாதாரணக் கோழியிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. வாரம் இரண்டு நாள் கோழி தின்றும் ஆபீஸில் அவர் தூங்குவதில்லை. இது எதையும் அறியாமல், பகல் தூக்கத்தையும் தவறவிட்டு வெறும் பன்னில் ஓடிக்கொண்டிருக்கும் சின்னது, அவர் வயிற்றின்மேல் ஏறி நின்று குதித்துப் பார்க்கிறது.