புலால் துறக்கும் நாட்கள்: ஒரு கிழமையியல் ஆய்வு

சைவத்துக்கு மாறலாமா வேண்டாமா என்ற கேள்வியை அறம், உடல்நலம், சுற்றுச்சூழல் என்னும் மூன்று வாசல் வழியாகவே அறிஞர்கள் அணுகி வந்திருக்கிறார்கள். நான்காவது வாசல் ஒன்று சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்குவதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. தினசரி நாட்காட்டியைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கறிக்கடைக்குப் பையோடு கிளம்புகிறவரை நிறுத்தும் வல்லமை திருக்குறளின் 26ஆம் அதிகாரத்துக்குக்கூட இல்லை, “இன்னைக்கு என்ன கிழமை?” என்று உள்ளிருந்து வரும் ஒரு குரலுக்கு உண்டு. 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, 15 வயதும் அதற்கு மேலும் ஆன தமிழ்நாட்டவரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவர் என்று எழுதி வைத்திருக்கிறது. எண்ணில் பிழை இருக்காது. கேட்ட கேள்வியில்தான் பிழை. “நீங்கள் அசைவமா?” என்று கேட்டவர்கள் “என்றைக்கு?” என்று கேட்க மறந்துவிட்டார்கள். சைவம் என்பது இங்கே ஒரு மனிதரின் குணமன்று, ஒரு நாளின் குணம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கணக்கைப் பார்ப்போம். செவ்வாய், வெள்ளி, சனி ஆகிய மூன்று கிழமைகளில் கவிச்சி சேர்க்காத குடும்பம் ஒன்றும் அபூர்வமானதல்ல. ஆண்டுக்கு 52 வாரம் என்றால் அதிலேயே 156 நாள் போயிற்று. புரட்டாசி மாதம் முழுவதும் பெருமாளுக்கு. அதில் ஏற்கெனவே கணக்கில் வந்த கிழமைகளைக் கழித்தால் புதிதாகச் சேர்வது சுமார் 17 நாள். வீட்டில் ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், அடுப்பே மாலை போட்டுக்கொள்ளும்; அதே கழிவுக்குப் பின் மிஞ்சுவது 27. ஆக 200 நாள். அமாவாசை, கார்த்திகை, தாத்தா பாட்டி திதி எதையும் இன்னும் தொடவே இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் சாம்பாரும் ரசமுமாக வாழ்கிற இந்த மனிதரைத்தான் மேற்படி கணக்கெடுப்பு தயங்காமல் அசைவப் பட்டியலில் சேர்த்தது. இவர் சைவராவதற்கு முடிவெடுக்க வேண்டியது 365 நாளுக்கு அல்ல, 165 நாளுக்கு மட்டுமே. பெரும்பகுதி வேலையை முன்னோர்கள் முடித்துவைத்துவிட்டார்கள்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, இது விரதமே தவிரக் கொள்கையன்று என்பது. உயிர் மேல் இரக்கம் இல்லாமல் பெருமாளுக்குப் பயந்து நிறுத்துவது எப்படிச் சைவமாகும் என்று கேட்பார்கள். கேள்வி கம்பீரமானதுதான், ஆனால் ஆட்டின் தரப்பிலிருந்து கேட்கப்பட்டதல்ல. தான் இன்று வெட்டப்படாததற்குக் காரணம் கருணையா கிழமையா என்று எந்த ஆடும் விசாரிப்பதில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்பதும் மீன் மேல் கொண்ட பாசத்தாலா? மீன் பெருகினால்தான் பிறகு பிடிக்க முடியும் என்ற கணக்கால். மீன்கள் அதைக் குறைவாக எண்ணாமல் குஞ்சு பொரிக்கின்றன. வள்ளுவரே இவ்விடத்தில் நமக்குத் துணை. நான் கொல்லவில்லை, வாங்கித்தான் தின்கிறேன் என்ற சாக்கை அவர் இரக்கத்தைக் காட்டி உடைக்கவில்லை. வாங்க ஆள் இருப்பதால்தான் விற்க ஆள் இருக்கிறது என்று சந்தைக் கணக்கைக் காட்டி உடைத்தார். அந்த அதிகாரத்தை அவர் இல்லறவியலில் வைக்காமல் துறவறவியலில் வைத்திருப்பதை அசைவர்கள் தங்களுக்கு விட்ட விதிவிலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாதம் பலமானதென்று ஒப்புக்கொள்ளலாம். எனினும் வாரத்தில் மூன்று நாள் துறவறம் பூணும் இல்லறத்தாரை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இரண்டாவது மறுப்பு, சைவ நாட்கள் உண்மையில் சைவமாக இருப்பதில்லை என்பது. இதில் சாரம் உண்டு. புரட்டாசியில் ஒரு வீட்டின் சமையலைக் கூர்ந்து நோக்கினால், மீல் மேக்கரில் சுக்கா, வாழைக்காயை மீன் துண்டாக நறுக்கி வறுத்தது, காளான் பிரியாணி, கடலை மாவில் சைவ ஆம்லெட் என்று இல்லாத ஒன்றின் நினைவு நாளாகவே இலை காட்சியளிக்கும். குஸ்காவோ இன்னும் நுட்பமான சிக்கல். கறித்துண்டை மட்டும் துறந்து அதன் சாற்றைத் துறக்காத இந்தச் சோற்றை எந்தப் பக்கம் வைப்பது? முட்டையிலாவது அரசுக்குத் தெளிவு இருக்கும் என்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில் அது அசைவம். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி கிடைக்காது. சத்துணவிலோ அது அன்றாடப் பண்டம். வேண்டாம் என்கிற குழந்தைக்கு வாழைப்பழம். கோழியும் வாழையும் ஒரே தட்டில் சமமாக நிறுக்கப்பட்ட இந்த ஏற்பாடு எத்தனையோ தத்துவ விவாதங்களைவிட நாகரிகமானது. ஏக்கம் இருப்பதால் சைவம் பொய்யாகிவிடாது. தூங்கும்போது புகைபிடிக்காதவர் அந்நேரத்துக்குப் புகைபிடிக்காதவரே. புரட்டாசி முடிந்த மறு ஞாயிறு காசிமேட்டில் தலைகள் மோதுவதையும், அடுத்து வரும் தீபாவளிக்கு ஆட்டுச் சந்தைகள் களைகட்டுவதையும் காட்டி, பாக்கியை வட்டியோடு வசூலிக்கிறார்களே என்று கேட்பவருக்கு மட்டும் இக்கட்டுரையில் முழு விடை இல்லை.

எஞ்சிய நான்கு கிழமைகளை ஆராய்ந்தால் சிக்கல் மேலும் சுருங்குகிறது. வியாழனைக் குருவுக்கோ சாயிபாபாவுக்கோ விட்டுக்கொடுத்தவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். திங்களில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. முந்தைய நாள் மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பதால் அது ஞாயிற்றின் நீட்சி. புதன் இருக்கிறதே என்றால், பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்ற பழமொழியைத் துணைக்கழைத்து அன்று ஆட்டுக்கால் பாயா வாங்கப் போகிறவர்கள் உண்டுதான், ஆனால் மாதக் கடைசியில் பணப்பையே அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். மிஞ்சுவது ஞாயிறு. சைவமா அசைவமா என்று வாழ்நாள் முழுக்கத் தத்தளிப்பவர் உண்மையில் தத்தளிப்பது ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு ஒன்றைப் பற்றியே. ஆகவே முடிவெடுக்க விரும்புவோருக்கு இந்த ஆய்வு தரும் நடைமுறை நெறி இது: யோசனையை வெள்ளிக்கிழமை தொடங்க வேண்டாம். அன்று எல்லோரும் சைவர், தீர்ப்பு செல்லாது. ஞாயிறு காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். பதினொன்றுக்கு மேல் பக்கத்து வீட்டில் இஞ்சி பூண்டு விழுது எண்ணெயில் விழுந்துவிட்டால், அதன் பிறகு எடுக்கும் எந்த முடிவையும் சுயமாக எடுத்ததாகக் கொள்ள முடியாது.