காரைநகரில் மலிவுப் படகு

கையில் காசு குறைந்த யாழ்ப்பாணக் கடலோரக் குடும்பங்களுக்காக, 2022 பெப்ரவரியில் அரசே பழைய படகுக் கடை விரித்தது. ஏலத்துக்கு அறிவித்த பிடிபட்ட இந்தியப் படகுகள் 105. காரைநகரில் மட்டும் 65. மழையும் வெயிலும் தின்றது போக மிஞ்சியதுதான் சரக்கு.

வாங்கி இழுவைமடி போடலாமா? அந்தத் தொழிலை இலங்கை 2017-இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. எனவே பலகைக்கும் இரும்புக்கும்தான் விலை பேச வேண்டும். எஞ்சின் சுழன்றால் அது வாங்கியவர் செய்த பூர்வபுண்ணியம்.

ஏலமும் வேண்டாம், ஒரு பழைய ஃபைபர் படகே போதும் என்று ஒதுங்கிய புத்திசாலிகளும் உண்டு. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில், படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340-க்குத் தாவியது. படகுக்காரரிடம் ஆயிரம் ஆயிரமாகப் பேரம் பேசிக் குறைத்த மாமாமார், எண்ணெய் செற்றில் மட்டும் வாயே திறக்கவில்லை.