கடல் கடந்த வரிதாரர் கொடையில் கலந்துகொள்ளும் முறைமை: ஓர் ஆய்வு

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் சித்திரை தொடங்கி ஆவணி வரை ஊர் ஊராகக் கோயில்களில் நடக்கும் கொடைவிழாக்களைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமியாட்டம் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் துபாயில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி சாமக்கொடை பார்க்கிறாரே, அவரைப் பற்றி ஆய்வுலகம் வாய் திறக்கவில்லை. தொல்காப்பியரும் கைவிட்டுவிட்டார். பொருள் தேடிப் பிரிந்த தலைவனுக்கு இலக்கணம் சொன்னவர், அந்தக் காலத்தில் அவன் வீட்டு ஊர்வரியை யார் கட்டினார்கள் என்று சொல்லாமலே பொருளதிகாரத்தை முடித்துவிட்டார். ஆகவே இக்கட்டுரை.

ஆய்வின் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியின் ஹம் நகரில் ஈழத்தமிழர் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கும் நடத்தித் தேர் இழுக்கிறார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் 1827-இலேயே தோன்றியது. அங்கே இன்றும் தீமிதி நடக்கிறது. இவர்கள் சாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனவர்கள், நமக்கு வேண்டாம். சாமியை ஊரில் விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு தனியாகப் போனவர் மட்டுமே நம் ஆய்வுப்பொருள். அவர் கொடையில் கலந்துகொண்டார் என்று எந்தக் கட்டத்தில் சொல்லலாம்? இதுவே வினா.

வரி கட்டினால் போதும் என்பது கோயில் கமிட்டியின் கொள்கை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விழும். கல்யாணமானவன் ஒரு தலைக்கட்டு. அவன் தோஹாவில் இருந்தாலும் டொராண்டோவில் இருந்தாலும் தலை தலைதான். வரிக்கு மேலே நன்கொடை என்று ஒன்று உண்டு. அது 5,000 ஆக இராது, 5,001 ஆகவே இருக்கும். அந்த ஒற்றை ரூபாய் திர்ஹாம் கணக்கில் சில ஃபில்ஸ்தான் பெறும் என்றாலும், அது இல்லாமல் ஒருவரும் அனுப்பத் துணிந்ததில்லை. ஆனால் பணம் அனுப்பியவரெல்லாம் கலந்துகொண்டவர் என்றால், பந்தலில் விளம்பரத் தட்டி கட்டிய சிமெண்ட் கடைக்காரரும் பக்தராகிவிடுவார். கொள்கை நிற்கவில்லை.

அடுத்தது கைபேசியில் நேரலையாகக் காணல். சாமக்கொடை நள்ளிரவு 12 மணி என்று கொள்வோம். துபாயில் அப்போது இரவு 10.30, அலுப்பு தாங்கலாம். லண்டனில் கோடைக்கணக்குப்படி மாலை 7.30, பால் காய்ச்சிக் குடித்துக்கொண்டே பார்க்கலாம். டொராண்டோவில் பிற்பகல் 2.30, மேலாளர் பார்க்காமல் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பின்னிரவு 2.30. ஆக, பேய்கள் உலவும் நேரத்தில் சாமி பார்க்கும் பேறு சிங்கப்பூர்க்காரருக்கே.

கிழமை இதைவிடக் கொடியது. அம்மன் கொடை பெரும்பாலும் செவ்வாயில் வரும். உலகில் எந்த முதலாளியும் செவ்வாய்க்கு விடுமுறை விடுவதில்லை. சுடலைமாடன் வெள்ளிக்காரர். வளைகுடாவில் வெள்ளி விடுமுறை என்பதால், மாடனுக்கும் அரபு நாடுகளுக்கும் நெடுங்காலம் சொல்லாமலே ஓர் உடன்பாடு இருந்துவந்தது. 2022-இல் ஐக்கிய அரபு அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி வெள்ளியை அரைநாள் வேலைநாளாக்கியது. ஷார்ஜா அரசு மட்டும் வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் விட்டது. அங்கே மாடன் பீடம் ஏதும் இருக்கிறதா என்று ஆராய்வது வருங்கால ஆய்வாளர் கடமை. போதாக்குறைக்கு, அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிக்குக் காசு கட்டி அம்மனைப் பார்த்தவர்களும் உண்டு. இதைச் சிறப்பு தரிசனக் கட்டணம் என்று வகைப்படுத்தலாம்.

கேட்டல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைபேசி அழைப்பில் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டும் மென்பொருள் உண்டு. அதன் கருத்தில் நையாண்டி மேளம் இரைச்சல். மகுடம் இரைச்சல். வில்லில் கட்டிய மணியும் குடமும் உடுக்கும் இரைச்சல். குலவையைக் குரலில் சேர்ப்பதா இரைச்சலில் சேர்ப்பதா என்று அதற்கே குழப்பம் போலும், விட்டுவிட்டு வருகிறது. வில்லுப்பாட்டில் தப்பிப் பிழைப்பது பின்பாட்டுக்காரரின் “ஆமா” ஒன்றுதான். இவ்வாறாக, ஊரே அதிரும் வேளையில் அயலகத்தார் காதில் விழுவது, “மாமா, கேக்கா? மாமா, சாமி தெரியுதா?” என்று ஊரில் கைபேசியைப் பிடித்து நிற்கும் மருமகனின் குரல் மட்டுமே. மருமகனைக் கேட்க இவ்வளவு செலவு தேவையில்லை.

நீறு பெறுதலில் ஒரு நுட்பம் உண்டு. சாமியாடி வந்து நிற்கும்போது, “எல, மாமாவைக் காட்டு” என்று பெரியவர்கள் சத்தம்போட, மருமகன் கைபேசியை நீட்டுவான். சாமி, திரையில் தெரியும் நெற்றியைக் குறிவைத்து நீறு பூசும். தயாரித்தவர்கள் செல்ஃபி கேமராவை நெற்றிக்குச் சற்று மேலே, திரையின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். விளைவு, அங்கே மாமாவுக்கு மங்கலான வெண்மை தவிர வேறொன்றும் தெரியாது. இதையே அருள் என்று கொள்வாரும் உளர்.

ஆக, காணலும் கேட்டலும் நீறும் தோற்றன. வேறெங்கே விடை? கொடை முடிந்த எட்டாம் நாள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் கைப்பட எழுதிய வரவுசெலவுத் தாளில் இருக்கிறது. மேளம், மைக்செட், பந்தல், பூ, கிடா என்று இறங்கிவரும் பட்டியலின் அடியில் ‘இதர செலவு’ என்று ஓர் எண் நிற்கும். சாமி மங்கலாகத் தெரிந்தவருக்கு இது மட்டும் பளிச்சென்று தெரியும். “இதர செலவுன்னா என்ன?” என்று நள்ளிரவில் தோஹாவிலிருந்து ஒரு கேள்வி போகும். “வந்து நின்னு பாத்தாத்தான தெரியும்” என்று பொருளாளர். “அப்ப வரி மட்டும் நிக்காமலே வாங்கினியளே” என்று தோஹா. அப்புறம் 3 ஆண்டுக்கு முந்திய மைக்செட் பாக்கி, யார் அப்பா யார் வரப்பை வெட்டினார் என்பது, முதல் மரியாதை மாலை யாருக்குப் போனது என்பது எல்லாம் வரிசையாக வெளியே வரும். இந்த இடத்தில் அவரை யாரும் வெளிநாட்டுக்காரராக நடத்துவதில்லை. ஆலமரத்தடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு விழும் ஏச்சு அப்படியே அவருக்கும் விழுகிறது. கலந்துகொண்டார் என்று ஆய்வு உறுதியாகச் சொல்லக்கூடிய கட்டம் இதுவே.

இறுதியில் அவர் “இனி இந்த ஊருக்கு ஒரு பைசா தரமாட்டேன்” என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறுவார். சாயங்காலத்துக்குள் பொருளாளரே அவரைத் திரும்பச் சேர்த்துவிடுவார். அடுத்த வருசம் பந்தலுக்குப் பதில் தகரக் கொட்டகை போடுவதாகத் திட்டம் இருக்கிறதாம்.